மைக்கில் நான் மூழ்கடித்த நான்கு பிள்ளைகள்

என் அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் டாக்டர் என் சர்க்கரையை அளந்துவிட்டு, கடலூர் மாவட்டத்துக் கரும்பெல்லாம் என் உடம்பில்தான் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். உன் அம்மா என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி இருபத்தைந்து வருடம் ஆகிறது. இந்த இரண்டையும் கழித்துவிட்டால் நலம்தான். நீ வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறாய். பீகார் பக்கம், வெள்ளம் வந்தால் மாசக்கணக்கில் வடியாத ஊர்களுக்குப் போய், அங்கே இருப்பவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறாய். போன வாரம் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே, "அத்தா, நீங்களும் ஒரு காலத்துல வெள்ளத்தப் படம் புடிச்சிக் காட்டுனவருதானே, எனக்கு ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்டாய். முருங்கைக்காய் விலையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசக்கூடிய நான் அன்றைக்கு, "பேட்டரி எடுத்து வச்சிக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். நீ அதைக் கவனித்தாய். உன் அம்மாவும் கவனித்தாள். அந்த மௌனத்துக்கான விளக்கம்தான் இந்தக் கடிதம். இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஊர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நான் செய்த தப்பை ஒலிபெருக்கி வைத்துச் செய்தேன். ஒலிபெருக்கி வைத்துச் செய்த தப்பைக் காதோடு காதாக ஒப்புக்கொள்வது நியாயமில்லை.

அறுபதுகளில் கடலூர் பழைய டவுனான ஓ.டி.யிலிருந்து சிதம்பரம் தெற்கு வீதி வரைக்கும் என் குரலை அறியாத ஜீவன் கிடையாது. நான் மைக்கைத் தட்டி "ஹலோ" என்றால், பரங்கிப்பேட்டைக் கடலில் வலைக்குள் கிடக்கிற மீன்கூடத் தலையைத் தூக்கி "யாரது?" என்று கேட்கும். ஓ.டி. கடைத்தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். செட்டை மட்டும் கேட்டு வந்தவர்களுக்கும் குரலைச் சேர்த்தே அனுப்பினேன். வேண்டாம் என்றவர்களுக்கும் அனுப்பினேன். அப்போதுதான் உன் சலீம் மாமா சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். அவர் கொண்டுவந்த பெட்டியை மங்கலம்பேட்டை வீட்டில் திறந்தபோது ஊரே வாசலில் நின்றது. உள்ளே இரண்டு போர்வை, ஒரு டின் பிஸ்கட், நாலு வாசனைப் புட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய ஒரு எட்டு மில்லிமீட்டர் சினிமாக் கேமரா, அதற்கு ஜோடியாக ஒரு சின்ன புரொஜக்டர். உள்ளங்கை அகலமுள்ள அந்தக் கேமராவைப் பார்த்துவிட்டு, இனி மதராஸில் ஸ்டூடியோக்களை எல்லாம் மூடிவிட வேண்டியதுதான் என்று நான் அறிவித்தேன்.

எங்கள் தொழில் கல்யாணம். மச்சான், அதாவது உன் மாமா, படம் பிடிப்பார். ரோலைத் தபாலில் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்க மூன்று வாரம் ஆகும். அதற்குள் மாப்பிள்ளை மறுவீடு போய், மாமியாரிடம் கோபித்து, சமாதானமும் ஆகியிருப்பார். அதன் பிறகுதான் தன் கல்யாணத்தைத் திரையில் பார்ப்பார். ஒரு ரோல் நாலு நிமிஷம் ஓடும், சத்தம் கிடையாது. சத்தத்துக்குத்தான் நான் இருந்தேன். திரையில் நாலு ஆடு தெரிந்தால் நானூறு ஆடு என்பேன். பெண்ணுக்குப் போட்ட பத்துப் பவுன் என் வாயில் ஒரு மூட்டை ஆகிவிடும். தனக்குச் சாதகமாகச் சொல்லப்படும் பொய்யைப் பற்றி யாரும் புகார் கொடுத்ததே இல்லை, மகளே. நான் கெட்டுப்போனது அங்கேதான். சொல்கிறவனைச் சோறு போட்டு உபசரிக்கிற பொய்களாகவே சொல்லிப் பழகிவிட்டேன்.

அப்படி இருக்கையில் ஒரு ஐப்பசியில் மழை வலுத்தது. மச்சான் கடைக்கு ஓடிவந்து, "மச்சான், கொள்ளிடத்துல கரை ஒடச்சிக்கிச்சாம். குமராட்சிப் பக்கம் ஒரே தண்ணியாம். கையில ஒரு ரோலு மிச்சம் இருக்கு, வர்றியா?" என்றார். இரக்கத்தினால் போனோம் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. வேடிக்கை பார்க்கத்தான் போனோம். குமராட்சிக்கு அப்பால் ஒரு வாய்க்கால் கரைமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், கீழே முப்பது வீடு இருக்கிற ஒரு குடியிருப்பு. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் வீடுகள். சுவர் கரைந்து, கூரை மட்டும் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. மார்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் அணைத்தபடி ஒரு பானை. வலது கையை ஒரு பக்கமாக நீட்டி, எங்களைப் பார்த்து என்னமோ கத்தினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் கேமராவை ஓடவிட்டார். நாற்பதடி தூரம் இறங்கிப் போய் என்ன என்று கேட்டிருக்கலாம். நான் அன்றைக்குத்தான் புது டெரிலின் பேண்ட் போட்டிருந்தேன். நனைக்க மனசு வரவில்லை. திரும்பும்போது டீக்கடையில் விசாரித்ததில் அவள் பேர் அஞ்சலை என்று மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ரோல் பம்பாய் போய்த் திரும்பியதும், சிதம்பரத்தில் நெல் அரிசி வியாபாரிகள் கூடுகிற ஒரு மண்டிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலுக்கெல்லாம் சாக்குத் தொங்கவிட்டுப் படத்தைப் போட்டோம். வெள்ள நிவாரணத்துக்கு அரிசி திரட்டலாம் என்பது மச்சானின் யோசனை, அது நல்ல யோசனைதான். ஆனால் முதல் இரண்டு நிமிஷம் கூடத்தில் ஒரு அசைவும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் என் குரலுக்கு முன்னால் யாரும் சுண்ணாம்பு தடவியதில்லை. அப்போது திரையில் அஞ்சலை வந்தாள், கையை நீட்டினாள். என் வாய் என்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்தது. "பாருங்கள் பெரியோர்களே, இந்த அஞ்சலையைப் பாருங்கள்! இவள் கை நீட்டிக் காட்டுவது எதை? தான் பெற்ற ஒரே பிள்ளையைக் கொள்ளிடம் கொண்டுபோன திசையை!" சுண்ணாம்பு நின்றது. யாரோ விசும்பினார்கள். அந்தப் பக்கத்து மிராசுதார் ஒருவருக்குச் சிதம்பரத்தில் பெரிய வீடு. அவர் நடுவில் உட்கார்ந்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அங்கேயே இரண்டு மூட்டை அரிசி தருவதாக எழுந்து சொன்னார். சாயங்காலத்துக்குள் பதினோரு மூட்டை சேர்ந்தது. வியாபாரிகளே வண்டி கட்டிக் குமராட்சிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நான் நடந்து போகவில்லை மகளே, சிதம்பரம் வீதிகளில் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மிதந்தேன்.

அதன் பிறகு எனக்கு ருசி கண்டுவிட்டது. புவனகிரியில் அஞ்சலைக்கு இரண்டு பிள்ளைகள் போனார்கள். பரங்கிப்பேட்டையில் மூன்று. மச்சான் புரொஜக்டருக்குப் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்து, "மச்சான், போன ஊர்ல ரெண்டுதான சொன்ன?" என்று கேட்டார். "பரங்கிப்பேட்டைக்காரங்க பெரிய மனசுக்காரங்க மச்சான். அவுங்களுக்கு ரெண்டு பத்தாது" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். நீ மாமாவைக் குறை சொல்லாதே. அரிசி மூட்டை நிஜமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பசித்தவர்கள் நிஜமாகத்தான் சாப்பிட்டார்கள். அதனால் இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் கடலூர் ஓ.டி.யில், நிலக்கடலை மூட்டை அடுக்கிய ஒரு மல்லாட்டைக் குடோனில் காத்திருந்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினோம். குடோன் கதவைச் சாத்தினால் நல்ல இருட்டு. நூறு பேர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். சொந்த ஊர் என்பதால் எனக்கு உற்சாகம் ஜாஸ்தி. நாலு பிள்ளைகள் என்று ஆரம்பித்தேன். அஞ்சலை கையை நீட்டியதும், "ஒன்றல்ல, இரண்டல்ல, நான்கு செல்வங்களை..." என்று இழுத்தேன். மூட்டைமேலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்றார். அவர் நிழல் திரையில் விழுந்து அஞ்சலையை மறைத்தது.

"உக்காருய்யா, மறைக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் உட்காரவில்லை. "அது எம் பொஞ்சாதி" என்றார்.

புரொஜக்டர் மட்டும் கிரீச்சென்று சுற்றியது. பக்கத்தில் இருந்தவர், "என்னாடா கலியபெருமாளு, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "பாய், எப்ப நடந்துது?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. மழைக்கு முன்னால் வேலைக்கு வந்தவர், மூன்று மாசமாக ஊருக்குப் போகவில்லை, அங்கிருந்து சேதி சொல்லவும் ஆளில்லை. அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். நானும் மச்சானும் பின்னால் ஓடினோம்.

சிதம்பரம் போகிற பாசஞ்சரில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் பேசினார். "எனக்கு ரெண்டுதான் பாய். நீங்க நாலுன்னீங்க. அண்ணன் புள்ளைங்க ரெண்டும் எங்க ஊட்டுலதான் தூங்கும். அதான் நாலு. சரியாத்தான் இருக்கு." மகளே, நான் ஒரு கூட்டத்தைக் கவரக் கூட்டிக்கொண்டே போன எண்ணிக்கையை அந்த மனிதர் தன் குடும்பத்தில் ஆள் தேடி நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான் பொய் சொன்னேங்க. புள்ளைங்க போனதா எனக்கு யாரும் சொல்லல. நானாச் சேத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வெளிச்சமாகி, "அப்ப உசுரோட இருக்குதுங்களா பாய்?" என்று கேட்டார்.

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாது. அவளுக்குப் பிள்ளைகள் உண்டா இல்லையா, இருந்தார்களா போனார்களா என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. பொய்யைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அந்த இடத்தில் உண்மை தானாக வந்து உட்கார்ந்துவிடாது. விசாரித்தவனிடம்தான் அது இருக்கும். "தெரியலங்க" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். மச்சான் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அந்த ரயில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு மெதுவாகப் போனதே இல்லை. தண்டவாளத்தை அப்போதுதான் போட்டுப் போட்டு முன்னால் நகர்ந்த மாதிரி இருந்தது.

குமராட்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரைமேல் அவர் ஓடினார். குடியிருப்பில் இன்னும் கணுக்கால் அளவுக்கு அழுகின தண்ணீர் நின்றது. ஒரு கவிழ்த்த கட்டில்மேல் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அந்த அரிசி சிதம்பரத்து மண்டி அரிசியாகத்தான் இருக்க வேண்டும். கலியபெருமாள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போய் இரண்டு பேரின் தலையையும் மூஞ்சியையும் காலையும் தடவிப் பார்த்தார். பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பி, "அதுங்க?" என்று கேட்டார். "அதுங்க ஆடு பத்திகினு போயிருக்குதுங்க. ஏன் இப்படிப் பேயறஞ்ச மாதிரி வந்து நிக்கிற?" என்றாள் அஞ்சலை. அவர் அழுதுகொண்டே சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரைமேல் நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏன் பாய், சாவடிக்க ஒனக்கு எம் புள்ளைங்கதான் கெடைச்சுதா?"

அவள் விடவில்லை.

"நாலுன்னியாமே. நான் பெத்தது ரெண்டு. மிச்சம் ரெண்ட யாரு பெத்தது, நீயா?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றினார். அவள் அதையும் பார்த்தாள். "நீ என்னா இருமுற? நீதான கண்ணாடியக் கண்ணுல வச்சிகினு நின்ன?" என்று அவருக்கும் கொடுத்தாள். நான் கரையை விட்டு இறங்கி, பேண்ட்டோடு தண்ணீரில் நடந்து அவள் எதிரே போய் நின்று, "அக்கா, தப்புதான். அன்னைக்கு எதுக்குக் கைய நீட்டுனீங்க?" என்று கேட்டேன். ஒரு மாசத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"ஷட்டரக் காட்டுனேன்" என்றாள். அதே மாதிரி கையை நீட்டினாள். இந்த முறை நான் அந்தக் கை போன திசையில் பார்த்தேன். வாய்க்காலின் குறுக்கே ஒரு மதகு, அதில் இரும்புப் பலகை இறக்கியிருந்தது. "அத்தத் தூக்கியிருந்தா மூணாம் நாளே தண்ணி வடிஞ்சிருக்கும். அந்தாண்ட மிராசுதாரு சம்பா இருக்கு. அது ரெண்டு நாளு முங்கிடும்னு எங்களப் பதினோரு நாளு முங்க வச்சாங்க. ஷட்டர் கைப்பிடி அவுரு ஊட்டுல இருக்கு. நீ பேண்ட்டு போட்டுகினு நின்னியா, கவர்மெண்ட்டு ஆளுன்னு நெனச்சிட்டேன். ஷட்டரத் தொறக்கச் சொல்லு சாமின்னு தொண்ட கிழியக் கத்துனேன். நீ என்னாடான்னா ஊரு ஊரா எம் புள்ளைங்களுக்குக் கருமாதி பண்ணிகினு இருந்திருக்க."

இந்த இடத்தை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். அவள் என்னிடம் மனு கொடுத்தாள். அந்த மனுவின்மேல் நான் என் வசனத்தை ஒட்டிவிட்டேன். இன்னும் ஒன்று. மண்டிக் கூடத்தில் அழுது இரண்டு மூட்டை கொடுத்த அந்த மிராசுதார்தான் ஷட்டரை மூடி வைத்த மிராசுதார். அவருடைய கண்ணீர் நிஜம், நான் பார்த்தேன். என் பொய் அவரிடம் அரிசி கேட்டது, கொடுத்துவிட்டார். அஞ்சலையின் உண்மை கேட்டது ஷட்டரை. அதை அவர் காதுக்குப் போகவிடாமல் நான்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். கொள்ளிடம் செய்த அநியாயத்துக்காக யாரும் தன் பாட்டுக்கு அழலாம், ஆற்றுக்கு முகம் கிடையாது. உன் படத்தைப் பார்த்து யாராவது அழுதால் சந்தோஷப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதைப் பார்த்து அழுகிறார்கள் என்று ஒரு தரம் விசாரித்துக்கொள்.

"அரிசி குடுத்தவங்ககிட்ட நீயே போயி சொல்லு பாய், ஷட்டரப் பத்தி நான் சொன்னேன்னு" என்றாள் அஞ்சலை. நான் மாட்டேன் என்றேன். நான் சொன்னால் எட்டு ஷட்டர் ஆகிவிடும் என்றேன். அவள் முதன்முறையாகச் சிரித்தாள். "அப்ப நானே வரேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அதே மண்டிக் கூடம், ஜன்னலில் அதே சாக்கு. நிவாரண அரிசி கொடுத்ததற்காக மிராசுதார் தலைமை வகித்தார், கழுத்தில் மாலை. அஞ்சலையும் கலியபெருமாளும் கூடத்துக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றார்கள். வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். படம் ஓடியது. அவள் கை நீட்டிய இடம் வந்ததும் நான் மைக்கை அவளிடம் கொடுக்க வாசலுக்குப் போனேன், ஒயர் பாதி வழியில் இழுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவள் உள்ளே வந்தாள். முன்வரிசைக்கும் திரைக்கும் நடுவில் நின்றாள். மைக்கைப் பார்த்துப் பயந்த மாதிரி தெரியவில்லை.

"அங்க நிக்கறது நான்தான். எம் புள்ளைங்க சாவல, நல்லா இருக்குதுங்க. இந்த பாய் பொய் சொல்லிட்டாரு" என்றாள். கூடத்தில் சலசலப்பு. "பதினோரு நாளு தண்ணியில கெடந்தோம். வெதநெல்லு மொளச்சிப் போச்சி. அடுப்பு கரைஞ்சி போச்சி. புள்ளைங்களக் கூரமேல வச்சிகினு உக்காந்திருந்தோம், பாம்பும் அங்கதான் உக்காந்திருந்துது. நான் கையக் காட்டுனது ஷட்டருக்கு. அதோட கைப்பிடி நம்ம அய்யா ஊட்டுல இருக்கு." அவ்வளவுதான் பேசினாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதில் ஒரு சொல் கூடவோ குறையவோ வைக்க எனக்கு இன்றைக்கும் இடம் தெரியவில்லை.

"யாரு இவள உள்ள விட்டது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மிராசுதார் கையை உயர்த்தி அதை அடக்கினார். மச்சானைப் பார்த்து, "இன்னொரு தரம் போடு" என்றார். போட்டார். "அந்தக் கை வர்ற எடத்துல நிறுத்து" என்றார். "நிறுத்துனா பல்பு சூட்டுல ஃபிலிம் கருகிடுங்க அய்யா" என்றார் மச்சான். "அப்ப மறுபடி போடு." மூன்று தரம் ஓடியது. மூன்றாவது தரம் நானும் பார்த்தேன். அவள் தோளுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், அந்த மதகு சின்னதாகத் தெரிந்தது. முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் என் குரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்கைப் போட்டதும் மிராசுதார் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கவாட்டு வழியாகப் போய்விட்டார்.

அதன் பிறகு அரிசி வரவில்லை. ஒரு வியாபாரி என்னிடமே, "புள்ளைங்கதான் சாவலையே, அப்புறம் எதுக்கு அரிசி?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் உலகம் மாலை போடும் என்று உனக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரை என்னிடம் அனுப்பு. "மச்சான், இனிமே சிதம்பரத்துல நமக்குக் கல்யாண ஆர்டரே கெடையாது" என்றார் உன் மாமா, அப்படியேதான் ஆயிற்று. அப்போது புதுப்பெண்ணாக இருந்த உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொன்னதுல எத்தன நெசம்?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு நான் இன்னும் முழுசாகப் பதில் சொல்லி முடிக்கவில்லை.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. குமராட்சிப் பக்கம் என்ன ஆனதோ என்று கடையில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் காலையில் கலியபெருமாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். இந்த முறை ஊரில் இருந்துவிட்டு நேராக வந்திருக்கிறார்.

"தொறந்துட்டாங்க பாய்" என்றார்.

"யாரு?"

"அய்யாவே வந்தாரு. கொடையப் புடிச்சிகினு கரைமேலயே நின்னாரு. அவுரு ஆளு கைப்பிடியப் போட்டுச் சுத்துனான். முக்காவாசி தூக்குனாங்க. முழுசாத் தூக்கல."

"அஞ்சலை அக்கா என்ன சொல்றாங்க?"

"முழுசாத் தூக்கச் சொல்லி அவருகிட்டயே கத்திகினு இருக்கா. ஒங்கள வந்து படம் புடிக்கச் சொன்னா."

நானும் மச்சானும் போனோம். குடியிருப்புக்காரர்கள் பாதிப் பேர் மதகடியில் நின்றார்கள். அஞ்சலை எங்களைப் பார்த்ததும், "இத்தப் புடி, தண்ணி ஓடறதப் புடி" என்றாள். மச்சான் என்னைப் பார்த்தார். கேமராவில் ரோல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. அவள் மனசு நோகக்கூடாது என்று மச்சான் வெறும் கேமராவைக் கண்ணில் வைத்து ஓடவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "ரோல் இல்லக்கா. சும்மாதான் சுத்துது" என்றேன்.

"அதுக்கென்னா பாய். எறங்கி வந்து நல்லாப் பாத்துக்க. போயி இருக்கறதச் சொல்லு" என்றாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன், மகளே. இரும்புப் பலகைக்கு அடியில் தண்ணீர் செம்மண் நிறத்தில், சத்தத்தோடு போனது. வைக்கோலும் ஒரு உடைந்த முறமும் சுற்றிச் சுற்றி வந்து பலகைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தன. கரையில் நின்ற பெண்கள் எட்டுப் பேர். மிராசுதாரின் சம்பாவில் பயிர் நுனிகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன, அவர் குடையை மடித்துவிட்டு நனைந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாதை ஓரத்து வேலி மரத்தில் ஈரக் கோடு ஒன்று இருந்தது, தண்ணீர் அதை விட்டு மூன்று சாண் கீழே இறங்கியிருந்தது. நான் நின்ற இடத்தில் தண்ணீர் என் முழங்காலுக்கு நாலு விரல் கீழே இருந்தது. விடியக்காலையில் இடுப்புக்கு இருந்ததாம். அதை நான் பார்க்கவில்லை. அஞ்சலை சொன்னாள்.

உன் அத்தா